தொட்டியில் விரல் வைத்துப் பாருங்கள்!

('வாழ்வில் உயர்வு தருவது பட்டப் படிப்பா? பயிற்சிப் படிப்பா?' பட்டிமன்றத்தில், 'பயிற்சிப் படிப்பே!' அணியில் ஆற்றிய உரை)



எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். "பேருக்கு முன்னால் முனைவர்னு போட்டுக்கிட்டு, பட்டத்துக்கு எதிராப் பேச வந்திருக்கீங்களே, நியாயமா?" நியாயமான கேள்விதான். ஆனா, பட்டத்துல என்ன இல்லைன்னு வாங்கினவனுக்குத்தானம்மா தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

திருக்குறளில் 104-ஆவது அதிகாரம் 'உழவு'. இருபத்தெட்டு வருஷமா அதை நடத்திச் சம்பளம் வாங்குறேன். ஆனா ஒரு செடியை உயிரோட வச்சுக்கத் தெரியாது. இது எங்கே தெரிஞ்சுது? அமெரிக்காவிலே!

போன வருஷம் மார்ச் மாதம், சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே பனி. உள்ளே ஜன்னலோரம் ஒரு தொட்டியில் முருங்கைச் செடி. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது. மகளும் மாப்பிள்ளையும் கணினிப் பொறியாளர்கள், நான் முனைவர். மூணு பேரும் கூடி ஆலோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தோம்: தண்ணி போதலை! ஆளுக்கு ஒரு செம்பு ஊத்தினோம். (சிரிப்பு)

அப்போ எதிர்வீட்டுக்காரர் வந்தார். அறுபது வயசு. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். இப்ப என்ன பண்றார் தெரியுமா? படிக்கிறார்! அந்த ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் தோட்டக்கலை. 1901-இல் ஆறே ஆறு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி அது. பள்ளிப் படிப்பு முடிச்ச யாரும் சேரலாம். பதினெட்டு வயசுப் பையனுக்குப் பக்கத்தில் பேரன் எடுத்தவரும் உட்காரலாம். அங்கே பாடம் கரும்பலகையோட முடியாது. கண்ணாடிக் கூடாரத்துக்குள்ளே விதை போடணும், கவாத்து பண்ணணும், ஒட்டுக் கட்டணும்.

செடியைப் பார்த்ததும், "மொரிங்கா!" என்றார். விடுவேனா? "அது எங்க தமிழ்ச் சொல். முருங்கைதான் மொரிங்கா ஆச்சு!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மனுஷன் அமைதியாச் சொன்னார்: "பேர் உங்களுதுதான். ஆனா செடி சாகுதே!" (பலத்த சிரிப்பு)

விரலை மண்ணுக்குள்ளே விட்டுப் பார்த்தார். சொதசொதன்னு ஈரம். செடியை எடுத்துக் காட்டினார். பாதி வேர் அழுகிப் போயிருந்தது. "வேருக்கும் காத்து வேணும். அன்பா ஊத்தி ஊத்தி மூச்சை அடைச்சுட்டீங்க" என்றார். அழுகின வேரை நறுக்கினார், மணல் கலந்த புது மண்ணுக்கு மாத்தினார். "விரல் வச்சுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க." மூணாவது வாரம் துளிர் விட்டுது! (கைதட்டல்)

பட்டத்தை நான் பழிக்கலே. செடிமுருங்கையில் பி.கே.எம். 1 ரகத்தைத் தந்தது நம்ம பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. பட்டம் பெற்றவர்களின் சாதனைதான். ஆனா அதை வளர்க்க விரல் வேணுமே! அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் ரெண்டு வருஷம் படிச்சவர், விரும்பினால் அந்த மதிப்பெண்களோடு பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். அது பட்டத்துக்குப் பகை இல்லை, படிக்கட்டு. நம்ம பக்கமும் 1995-இல் புதுச்சேரியிலும், 1996-இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரி வந்தாச்சு. அதுக்குப் பிள்ளையை அனுப்பத்தான் நமக்கு மனசு வரலே.

நடுவர் அவர்களே, இதுவரை வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் மகன் பிளஸ் டூ முடிச்சப்போ, "தோட்டக்கலை படிக்கிறேன்ப்பா" என்றான். "மண்வெட்டி பிடிக்கவா உன்னைப் பெத்தேன்?" என்று கேட்டுப் பொறியியலில் சேர்த்தேன். படிச்சான். பட்டம் வாங்கின அன்னைக்கு அந்தச் சான்றிதழை என் கையில் கொடுத்து, "இது உங்களுக்குப்பா" என்றான். பெருமையா வாங்கிக்கிட்டேன். அது பாராட்டு இல்லைன்னு, ஜோலியட்டில் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் எனக்கு உறைச்சுது. நானும் அன்பாத்தானே ஊத்தினேன்! (அரங்கில் அமைதி)

ஊருக்கு வந்ததும் கேட்டேன்: "இப்பவாவது படிக்கிறியாப்பா?"

"இருபத்தேழு வயசாச்சேப்பா."

"எதிர்வீட்டுக்காரருக்கு அறுபதுடா!"

"யோசிக்கிறேன்" என்று சொல்லியிருக்கான். இந்த நிகழ்ச்சியை அவனும் பார்ப்பான்.

பெற்றவர்களே, பிள்ளைக்கு எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணி ஊத்தறதுக்கு முன்னால், ஒரு தடவை விரல் வச்சுப் பாருங்க. நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்க அணிக்குத் தாங்க. என் மகனைச் சம்மதிக்க வைக்க அதுவாவது உதவட்டும்!

(கைதட்டல்)