பனியும் கண்ணாடியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மார்கழியில், மெட்டுகுடாக் குடியிருப்பின் கொல்லைப்புறத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, நம் பிள்ளைகளுக்குச் செந்நிறத் திருவாதிரை மீனைக் காட்ட முற்பட்டோம். நால்வர் கண்டு மகிழ்ந்தனர். ஐந்தாவதாக வந்த சிறுமி, "ஒன்றும் தெரியவில்லையே, மாமா" என்றாள். முகப்புக் கண்ணாடி முழுதும் பனி படர்ந்திருந்தது. பதற்றத்தில் வேட்டி முனையால் துடைத்தோம். கண்ணாடியில் கீறல் விழுந்ததே மிச்சம்.

பனி பெய்கிறது என்கிறோம். உண்மையில் அது மேலிருந்து விழுவதன்று. திறந்த வானை நோக்கிய கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து, சூழ்ந்துள்ள காற்றினும் மிகுதியாகக் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் நீராய்ப் படிகிறது. ஆகவே துடைப்பதினும் தடுப்பதே முறை. கண்ணாடியின் விட்டத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள கறுப்பு அட்டைக் குழலை முகப்பில் செருகினால், குளிர்ச்சி தாமதப்படும். அதையும் மீறிப் படிந்தால், தலைமுடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டுக் காற்றைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் செலுத்தலாம். ஈரம் உலருமுன் மூடி வைத்தலாகாது.

இவ்விரட்டை நகருக்கு வானியல் புதிதன்று. 1901இல் நவாப் ஜாபர் ஜங் தொடங்கிய நிஜாமியா வானாய்வுக்கூடம் பின்னர் பேகம்பேட்டையில் இயங்கியது. அங்குப் பணியாற்றியவரின் மகனாய் வளர்ந்த வைணு பாப்புவே, பிற்காலத்தில் நம் தமிழகத்துக் காவலூரில் வானாய்வுக்கூடம் அமைத்தார். கொல்லைப்புறத்தில் நிற்கும் பிள்ளைகளுள் யாருடைய கண் எதைக் காணப்போகிறதோ, யார் அறிவர்?

வரும் மார்கழியில் அட்டைக் குழலுடன் காத்திருப்போம். அச்சிறுமியே முதலில் காண்பாள்.