சித்திக்கு மனநோய்னா பொண்ணுக்கும் வருமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது உறுப்பினர் ஒருவர் பேசியதன் சுருக்கம்)



எங்க குழுவுல ஒரு அக்கா மகளுக்கு நிச்சயம் வரைக்கும் வந்த கல்யாணம் நின்னுபோச்சு. பொண்ணோட சித்திக்கு மனச்சிதைவு நோய். "அது வம்சத்துலயே இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. "என்னாலதான் எல்லாம்"னு அந்தச் சித்தி அழுதாங்க. இது நியாயமா?

நம்ம உடம்புல ஜீன்கள் ஜோடியா இருக்கு. ஒண்ணு அப்பா கொடுத்தது, ஒண்ணு அம்மா கொடுத்தது. சில நரம்பு நோய் ஒரே ஜீன் பழுதானாலே வரும். கை கால் தன்னால ஆடுற ஹண்டிங்டன் நோய் அப்படி. அப்பா, அம்மா ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த ஜீனை 1993-ல் கண்டுபிடிச்சாங்க.

சில நோய்க்கு ரெண்டு பக்கமும் ஒரே பழுது சேரணும். சொந்தத்துல கட்டும்போது அதுக்கு வாய்ப்பு கூடுது. நம்ம மலை முருகனுக்கு வள்ளியும் மாமன் மகள் முறைதான்னு சொல்வோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 100-க்கு 28 பேர் சொந்தத்துல கட்டினவங்க. பெரும்பாலான பிள்ளைங்க நல்லாத்தான் பிறக்குறாங்க. ஆனா குடும்பத்துல மூளை வளர்ச்சிக் குறைவு, பரம்பரை வலிப்பு இருந்தா, கல்யாணத்துக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க.

மனச்சிதைவு வேற மாதிரி. அதுல பல ஜீன்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பங்கு. பொதுவா 100 பேர்ல ஒருத்தருக்கு வரலாம். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா 100-க்குப் பத்துப் பேர் போல. மீதி 90 பேருக்கு வராது. சித்திக்கு இருந்தா மூணு, நாலு பேர்தான். ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கு வந்தாக்கூட, ஏறக்குறைய பாதிப் பேருக்கு மற்றவருக்கு வர்றதில்லை. ஆக, ஜீன் மட்டுமே தலையெழுத்து இல்லை. செய்வினையும் இல்லை, பெத்தவ வளர்ப்பும் இல்லை.

வேண்டுதல் வையுங்க, படி ஏறுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில தீப்பிடிச்சப்போ, சங்கிலியில கட்டியிருந்த 28 மனநோயாளிங்க கருகிப்போனாங்க. அதை மறக்கக் கூடாது. 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில கட்டக் கூடாது. அரசாங்கத்தோட இலவச மனநல ஆலோசனைக்கு 14416-க்குப் போன் பண்ணலாம்.

அந்தச் சித்தியை இனி குழுக் கூட்டத்துக்கு நாமே கூப்பிடுவோம். அந்தப் பொண்ணுக்கு அடுத்த வரன் வரும்போது, இந்தக் கணக்கை எடுத்துச் சொல்ல நாம நாலு பேர் கூடப் போவோம்.