மார்கழிக்கு ஏன் 29 நாள்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு டெலஸ்கோப் வேண்டாம். பனியன் கம்பெனி ஆபீஸ் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரே போதும். மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடும். ஆனி 31, சில வருஷம் 32 நாள் கூடப் போகும். ஏனுங்க இப்படி?

ஜூலைக்கு 31 நாள் என்பது மனிதர் செய்த ஏற்பாடு. தமிழ் மாதம் அப்படியல்ல. வானத்தை 30 பாகை வீதம் 12 ராசியாகப் பிரித்து, சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலத்தை ஒரு மாதம் என்றார்கள். தனுசில் இருந்தால் மார்கழி. மகரத்தில் நுழைந்தால் பொங்கல். தூரம் எல்லா மாதமும் அதே 30 பாகைதான். ஆனால் மார்கழியில் அதைக் கடக்கச் சுமார் 29½ நாள், ஆனியில் சுமார் 31½ நாள்.

சூரியன் நகர்வதாக நமக்குத் தெரிவது பூமியின் ஓட்டமே. ஆக, பூமி ஒரே வேகத்தில் ஓடவில்லை. இதற்கு விதி சொன்னவர் கெப்ளர். டைக்கோ பிராஹி எடுத்து வைத்த செவ்வாய்க் கோளின் அளவுகளோடு மல்லுக்கட்டி, 1609-ல் இரண்டு விதிகளை வெளியிட்டார். கோளின் பாதை நீள்வட்டம், சூரியன் அதன் ஒரு குவியத்தில் இருக்கிறது என்பது ஒன்று. சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பது மற்றொன்று. கிட்டே வந்தால் வேகம், எட்டப் போனால் நிதானம்.

நீள்வட்டம் என்றதும் பாடப்புத்தகத்தில் கோழிமுட்டை மாதிரி போட்ட படம்தான் நம் நினைவுக்கு வரும். அந்தப் படம் செய்த கெடுதல் கொஞ்சமில்லை. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பூமியின் பாதையை 30 இஞ்ச் டயா நிட்டிங் மிஷின் அளவுக்குச் சுருக்குங்கள். நீள அகலத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எந்த மெக்கானிக் கண்ணுக்கும் வட்டம்தான். ஆனால் சூரியன் நடுமையத்தில் இல்லை, கால் இஞ்ச் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கால் இஞ்ச்தான் மார்கழியைக் குறைத்து ஆனியை நீட்டுகிறது.

ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழியில், நாம் சூரியனிடமிருந்து சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறோம், வேகம் விநாடிக்கு 30.3 கி.மீ. ஜூலைத் தொடக்கத்தில், ஆனியில், 15.2 கோடி கி.மீ.; வேகம் 29.3. கிட்டே இருப்பதால் வெயில் காலம் வருகிறது என்று நினைப்பவர்கள் டிகிரி முடித்தவர்களிலும் உண்டு. குல்லா போட்டு நடுங்குகிற மார்கழியில்தான் மிகக் கிட்டே இருக்கிறோம்! பருவம் மாறுவது பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால்.

பஞ்சாங்கம் முழுக்க மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எல்லாம் நம்ம முன்னோர்க்கு அப்பவே தெரியும் என்று மார் தட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். சித்தாந்த நூல்காரர்கள் சூரியனின் வேகம் மாறுவதை அளந்து, சிறுவட்டங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அது பெரிய சாதனை. ஆனால் நீள்வட்டம் என்று சொல்லவில்லை. ராசி பலன் வேறு, இந்தக் கணக்கு வேறு.

மூன்றாவது விதி 1619-ல் வந்தது. சுற்றும் காலத்தின் வர்க்கம் சராசரித் தூரத்தின் கனத்துக்கு விகிதம். செவ்வாய் நம்மைப்போல 1.52 மடங்கு தூரம், ஆகவே அதன் வருஷம் நமக்கு 1.88 வருஷம். 2013 டிசம்பர் 1-ல் பூமியை விட்டுக் கிளம்பிய மங்கள்யான் எரிபொருளை எரித்துக்கொண்டே போகவில்லை. பெரும்பகுதி வழி சூரியனைச் சுற்றும் ஒரு நீள்வட்டத்தில் சும்மா மிதந்து, 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயைப் பிடித்தது. அந்தத் திட்டத்தில் பெரும்பொறுப்பு வகித்த மயில்சாமி அண்ணாதுரை, நமக்குப் பக்கத்துக் கோதவாடிக்காரர்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் நாட்கள் மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் வரும். இடையில் எத்தனை நாள், திரும்பி மார்ச் வரை எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணுங்கள். முதல் பாதி 186, மறுபாதி 179 வரும். எந்தப் பாதியில் மார்கழி இருக்கிறது என்று பாருங்கள்.