பழைய ரம்பம் கத்தி ஆகுமா?



நம் முதலமடையில் கத்தி இல்லாத வீடு உண்டா? மாந்தோப்பில் கிளை கழிக்கக் கத்தி வேண்டும். தென்னை மட்டை வெட்டக் கொடுவாள் வேண்டும். மீன் நறுக்க ஒன்று, காய் நறுக்க ஒன்று.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் அத்தை சந்தையில் ஒரு கொடுவாள் வாங்கினார். இரண்டு நாள் கூலி அதில் போயிற்று. மூன்றாம் நாள் புளியங்கிளையை வெட்டினார். கொடுவாளின் வாய் ஓலை போலச் சுருண்டு விட்டது. "ரம்பப் பட்டையில் அடித்தது, அம்மா" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ரம்பத்திலும் பல வகை உண்டு. எது கத்திக்கு ஆகும், எது ஆகாது? அதைத்தான் இன்று பேசப் போகிறேன். என் சித்தப்பா கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். அங்கே துருத்தி சுற்றிப் பார்த்துக் கற்றது இது.

இரும்பில் கொஞ்சம் கரிச்சத்து சேர்ந்தால் அது எஃகு. ஜன்னல் கம்பியில் கரிச்சத்து மிகக் குறைவு. அதனால் வளையும், கூர் நிற்காது. நல்ல கத்திக்கு 100 கிலோ இரும்பில் அரை கிலோவுக்கு மேல், சுமார் ஒரு கிலோ வரை கரிச்சத்து வேண்டும். இவ்வளவு சின்ன அளவுதான். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எஃகு நமக்குப் புதிது அல்ல. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர். அங்கே தோண்டியபோது பழங்கால இரும்பு உலைகள் கிடைத்தன. நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் அந்தக் காலத்து வணிகர்கள் மேற்குக் கடற்கரைக்குப் போனார்கள். நம் நாட்டு உருக்கு எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று 1819-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி ஆராய்ச்சி செய்தார். மின்சாரத்தில் பெயர் பெற்ற அதே ஃபாரடேதான்!

சரி, ரம்பத்துக்கு வருவோம். மரமில்லில் ஓடும் அகலமான பட்டை ரம்பம் பெரும்பாலும் நல்ல எஃகு. வட்ட ரம்பத்தில் கவனம் வேண்டும். சிலவற்றில் பல் மட்டும் தனியாக ஒட்டியிருக்கும். பல் மிகக் கடினம். ஆனால் நடுத்தகடு நல்லதாகவும் இருக்கலாம், மட்டமாகவும் இருக்கலாம். அந்தப் பல்லை உலையில் வைக்காதீர்கள், சாணைக் கல்லிலும் தேய்க்காதீர்கள். அந்தப் புகையும் தூளும் நெஞ்சுக்குக் கெடுதல். பல் உள்ள ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டு, தகட்டை மட்டும் எடுங்கள்.

சிலர் பழைய ரம்பத்தை அரத்தால் தேய்த்துப் பார்க்கிறார்கள். அரம் கடித்தால், "இது மட்டம்" என்று தூக்கிப் போடுகிறார்கள். இது சரியான சோதனை இல்லை. அரம் கடிக்காவிட்டால் மில்காரர் ரம்பத்தின் பல்லை எப்படித் தீட்டுவார்? ரம்பம் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக அதைக் கொஞ்சம் மெத்தென்றே வைக்கிறார்கள். நல்ல எஃகா என்பது சூடாக்கித் தோய்த்த பிறகுதான் தெரியும்.

விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொள்ளுங்கள். உலையில் சிவக்கக் காய்ச்சுங்கள். நிறத்தை நிழலில் பார்க்க வேண்டும். வெயிலில் பார்த்தால் சிவப்பு குறைவாகத் தெரியும், அதிகமாகக் காய்ச்சி விடுவோம். ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி அருகில் காட்டுங்கள். சுமார் 770 டிகிரி சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவது நின்றதும் இன்னும் சிறிது காய்ச்சி, உடனே எண்ணெயில் முக்குங்கள். தண்ணீர் வேண்டாம், மெல்லிய பட்டை வெடித்துவிடும். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும். அதற்கு ஒரு மூடியும், பக்கத்தில் ஒரு வாளி மணலும் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அடைக்கலாம். தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஆறிய துண்டின் மேல் படிந்த கரியைச் சுரண்டிவிட்டு அரத்தைப் போடுங்கள். கண்ணாடி மேல் போட்டதுபோல் வழுக்கினால் நல்லது. கடித்தால் அது கத்திக்கு ஆகாது.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. துண்டைச் சாக்கில் சுற்றி, வைஸில் பிடித்து, சுத்தியலால் ஓர் அடி. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள். தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும். உடையாமல் வளைந்தால் மெத்தென்ற இரும்பு. உடைந்தால், உடைந்த இடத்தைப் பாருங்கள். அரிசி மாவு போல நைஸாக, சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். சர்க்கரை போல மின்னினால் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டோம் என்று அர்த்தம். எஃகைக் குறை சொல்லாமல், இன்னொரு துண்டைக் குறைந்த சூட்டில் தோய்த்துப் பாருங்கள்.

தேறிய பட்டையில் கத்தி அடித்துத் தோய்த்தாலும் வேலை முடியவில்லை. அப்போது அது கண்ணாடி போல நொறுங்கும். பதம் இறக்க வேண்டும். வாயைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, முதுகுப் பக்கமிருந்து மெதுவாகச் சூடு காட்டுங்கள். நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி நகர்ந்து வரும். அடுக்களைக் கத்தியின் வாயில் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். அது 200 முதல் 230 டிகிரி வரை. கொடுவாள் கிளையில் மோதுகிறது. அதன் வாய் பழுப்பு தாண்டி ஊதா தொடும்வரை விடலாம்.

பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது ஒன்று பாருங்கள். ரயில்வே சாமான் என்றால் தொட வேண்டாம். திருடியது என்று சந்தேகம் வந்தால் வைத்திருப்பவர் மேலேயே வழக்கு வரும். அதற்கு 1966-இல் சட்டமே வந்திருக்கிறது.

ஒரு பட்டை ரம்பத்தில் பல கத்திகள் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சோதனை வேண்டாம். மீதிப் பட்டையில் பெயிண்டால் எழுதி வையுங்கள்: எந்த மில், என்ன தேதி, அரம் வழுக்கியதா, உடைந்த இடம் எப்படி இருந்தது. இரண்டு மில் பட்டையும் பட்டறை மூலையில் கலந்து கிடந்தால், எது எது என்று அந்த நான்கு வரியைப் படித்துத் தெரிந்து கொள்ளலாம். சித்தப்பா இப்போது அப்படித்தான் எழுதி வைக்கிறார்.