அத்தைப் பாட்டியின் அதிரசம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

எளியேன் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அதிரசம். தமிழ்ப் பண்டிதனொருவன் ஏட்டை விடுத்து அடுக்களையிற் புகுந்தது யாது கருதியோ என நீவிர் வியக்கலாம். பலகாரம் நம் இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. அப்பம் சுட்டு விற்போரைக் கூவியர் என்னும் பெயரால் மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் குறிக்கின்றன. அச்சொல்லுக்குப் பொருள் கூறக் கற்ற யான், எங்கள் வீட்டு அதிரசத்தின் பக்குவத்தைக் கேட்டறியத் தவறினேன். அத்தவற்றைச் சொல்லவே இங்கு நிற்கின்றேன்.

எங்கள் இல்லத்தில் அதிரசம் என்றால் அத்தைப் பாட்டிதான். அவர் என் பாட்டனாரின் தங்கை. இளமையிலேயே கணவரை இழந்து, தமையன் வீட்டுக்குத் திரும்பி, அங்கேயே முதுமை எய்தியவர். எழுத்தறியார்; ஆயினும் அளவறிவார். பச்சரிசியை மூன்று நாழிகை ஊறவைத்து, நீரை வடித்து, வெள்ளைத் துணியின்மேல் நிழலிற் பரப்புவார். ஈரம் முற்றும் போகுமுன் உரலிலிட்டு இடித்துச் சலிப்பார். மாவு, பிடித்தாற் பிடிபட வேண்டும். விட்டால் உதிர வேண்டும் என்பது அவர் சூத்திரம். அரிசி 4 பங்கு நிறையாயின் வெல்லம் 3 பங்கு. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுவார். கிண்ணத்து நீரில் ஒரு துளி பாகு விட்டால், அது கரையாமல் விரலிடையே மெத்தென உருள வேண்டும். உடனே இறக்கி, ஏலமும் சுக்கும் தூவி, மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளறுவார். மேலே நெய் தடவி 2 நாள் மூடிவைத்து, வாழையிலையில் தட்டி, இளந்தீயிற் பொரித்து, இரு கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெயை வடிப்பார்.

1991-ஆம் ஆண்டு என் தமக்கையின் திருமணத்துக்கும் அவரே அதிரசம் செய்தார். சீர்த்தட்டுகள் பந்தலுக்குப் புறப்பட்டபோது அவரைக் காணவில்லை. சிறுவனாகிய யான் தேடிச் சென்றேன். அடுக்களைக் கதவின் பின்னே நின்றிருந்தார்.

“வாருங்கள், பாட்டி” என்று கையைப் பற்றினேன்.

“நான் எதிரே வரக்கூடாதய்யா, தட்டு முதலில் போகட்டும்” என்றார்.

ஓர் அதிரசத்தை எடுத்து நீட்டினேன். “எண்ணி வைத்தது, குறைந்துபோகும். தட்டிலேயே வை” என்றார். அவ்வாறே வைத்துவிட்டு ஊர்வலத்தின் பின் ஓடினேன். பாகு காய்ச்ச ஆகிய கை, தட்டேந்த ஆகாதது ஏன் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டிலர். வளர்ந்து நூல்கள் கற்றபின் யானும் கேட்டிலேன்.

1998-இல் அவர் மறைந்தார். துக்க ஆண்டு கழிந்து வந்த தீபாவளிக்கு என் தாயார் அதிரசம் செய்ய முயன்றார். பாகை முந்தி இறக்கியதால் மாவு எண்ணெயிற் பிரிந்தது. மறு ஆண்டு பாகு முற்றி அதிரசம் கல்லாயிற்று. மூன்றாம் ஆண்டில்தான், பாட்டியின் விரல் கிண்ணத்து நீரில் உருட்டிய உருட்டை நினைவுகூர்ந்து, பதத்தைக் கண்டுகொண்டார். அன்றே அதனை ஏட்டில் எழுதினேன். தலைப்பில் பாட்டியின் பெயரையும் எழுதினேன். எழுதியபின்தான் உணர்ந்தேன்: தமக்கையின் திருமண அழைப்பிதழில் பாட்டனார் முதலிய ஆடவர் பெயர்களெல்லாம் இருந்தன, அவர் பெயர் இல்லை.

கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஆயினும் அடுக்களைக் கதவின் பின்னே நிற்போர் இன்றும் நம் இல்லங்களில் உளர். ஆதலின் இரண்டு விண்ணப்பங்கள். உங்கள் வீட்டு மூதாட்டியரிடம் அமர்ந்து பலகாரப் பக்குவங்களைக் கேட்டு, அவரவர் பெயரோடு எழுதி வையுங்கள். மங்கல நாளில், கணவர் உளரோ இலரோ என்று பாராமல், செய்த கையிலேயே தட்டைக் கொடுங்கள்.

வருகின்ற தைத் திங்களில் என் தமக்கை மகளின் திருமணம். தாய்மாமன் சீர் கொணரும் கடமை என்னுடையது. என் தந்தையார் இப்போது இலர். முதல் தட்டாகிய அதிரசத் தட்டை என் தாயாரே ஏந்தி வரவேண்டுமென்று வேண்டியிருக்கின்றேன். உறவினர் முகஞ்சுளிப்பரோ என்று அவர் அஞ்சுகின்றார். இவ்வவையிலுள்ளோர் பலர் அத்திருமணத்துக்கு வருவீர்கள். வாயிலில் அவரை எதிர்கொண்டு, “வாருங்கள், அம்மா” என்று முதலில் அழைப்பவர் நீங்களாக இருக்க வேண்டுமென இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்கின்றேன்.