டிரில்பியின் குரல் யாருடையது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கண்ணைப் பார்த்தே ஆளை வசியம் பண்ணுகிற குரு, சொல்லிக் கொடுக்கிறேன் என்று வந்து நம்மையே ஆட்டி வைக்கிற வாத்தியார், இப்படி ஒரு வில்லனை நாம சினிமாவில நிறைய பார்த்திருக்கோம். இந்த வகை ஆளுக்கு இங்கிலீஷில ஒரு பேரே இருக்கு: ஸ்வெங்காலி. அது ஒரு நாவலில் வருகிற பாத்திரத்தின் பெயர். இப்போது அகராதியிலேயே ஏறிவிட்டது.

அந்த நாவல் ‘டிரில்பி’. ஜார்ஜ் டு மோரியே என்பவர் எழுதி 1894-ல் வெளிவந்தது. அடுத்த வருடமே நாடகமானது. 1931-ல் ஜான் பேரிமோர் ஸ்வெங்காலியாக நடித்த பேசும் படமும் வந்தது. நாம் பேசப் போவது நாவலில் உள்ள கதையைத்தான்.

டிரில்பி பாரிஸ் நகரத்துப் பெண். தாய் தகப்பன் இல்லை. ஓவியர்கள் படம் வரைய, சிற்பிகள் சிலை செய்ய முன்னால் நின்று கூலி வாங்குவாள். நல்ல மனசு, கலகலப்பான பேச்சு. ஆனால் பாட்டு மட்டும் வராது. வாயைத் திறந்தால் ஒரு சுரம் கூட சேராது. ஸ்வெங்காலி பெரிய இசை மேதை, கையில் காசில்லாதவன். அவளைப் பார்த்ததும் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி அவள் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கிறான். எத்தனை அருமையான குரல்வளம் வீணாகக் கிடக்குது என்று வியக்கிறான். அவனுக்கு அவள் ஒரு வாத்தியம், அவ்வளவுதான்.

ஆனால் அவன் முதல்ல செய்தது நல்ல காரியங்க. அவளுக்குக் கண்ணில் பொறுக்க முடியாத வலி வரும். எதிரே உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, கையை அசைத்து வலியைப் போக்குகிறான். அவளுக்கு உண்மையாகவே நிம்மதி. இந்த இடத்தை நாம நின்னு யோசிக்கணும். கெடுக்க வருகிறவன் கெடுக்கிற முகத்தோடு வருவதில்லை.

அப்போது அவள் அவனிடம் சிக்கவில்லை. கூட இருந்த ஓவிய நண்பர்கள், “அவன்கிட்ட போகாதே” என்று எச்சரித்தார்கள். அவளும் விலகியே இருந்தாள். பிறகுதான் காலம் மாறியது. அவளை விரும்பிய ஓவியனின் தாய் வந்து, என் மகனை விட்டுவிடு என்று கெஞ்ச, அவள் ஊரை விட்டே போனாள். தம்பியும் காய்ச்சலில் இறந்தான். தலைமுடியை வெட்டிக்கொண்டு, ஆண் வேடத்தில் நடந்தே பாரிஸ் திரும்பினாள். போக்கிடம் இல்லை. ஸ்வெங்காலியின் வாசலுக்குத்தான் போனாள். எங்களைக் கேட்டால், அவளைப் பிடித்தது அவன் கண் இல்லை, அவளுடைய தனிமை.

சில வருடம் கழித்து ஐரோப்பாவே கொண்டாடுகிற பாடகியாக மேடை ஏறுகிறாள். பெயர் லா ஸ்வெங்காலி. சொந்தப் பேரும் போச்சு! லண்டனில் கச்சேரி. அவனால் அன்று முன்னால் நின்று நடத்த முடியவில்லை, மேலே தனி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். அங்கேயே அவன் உயிர் போகிறது. மேடையில் நிற்பவளுக்கு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியவில்லை. பாடச் சொன்னதும் பழைய டிரில்பி மாதிரி சுரமில்லாமல் பாடுகிறாள். கூட்டம் கேலி செய்கிறது. தான் பாடகியாக இருந்ததே அவளுக்கு நினைவில்லை. கொஞ்ச நாளில் இறந்தும் போகிறாள்.

ஹிப்னாடிசம் என்பது உண்மையிலேயே இருக்கிற முறைதான். வலி குறைக்க மருத்துவர்கள் பயன்படுத்தியதுண்டு. ஆனால் சுரமே தெரியாதவளை அதால் சங்கீத ராணியாக்க முடியாது. அது கதாசிரியரின் கற்பனை. கதையில் பெரிய குறை ஒன்றும் உண்டு. ஸ்வெங்காலியை யூதனாக வைத்து, யூதர்கள் என்றாலே அழுக்கு, பேராசை, சூது என்று அன்றைக்கு ஐரோப்பாவில் இருந்த வெறுப்பை அப்படியே எழுதியிருக்கிறார். ஒரு சாதியையோ மதத்தையோ காட்டி வில்லனை அடையாளம் சொன்னால், பக்கத்தில் இருக்கிற உண்மையான வில்லன் தப்பிவிடுவான்.

இன்னொரு ஆள் பாக்கி: கெக்கோ. வயலின் வாசிப்பவன், ஸ்வெங்காலியின் உதவியாள். டிரில்பி மேல் உயிரையே வைத்திருந்தவன். இரண்டு டிரில்பி இருந்தார்கள், ஒருத்தி நமக்குத் தெரிந்தவள், இன்னொருத்தி அவன் உண்டாக்கியவள் என்று கடைசியில் நண்பர்களிடம் சொல்வது இவன்தான். எல்லாம் தெரிந்தும் அத்தனை வருடம் கூடவே இருந்து வயலின் வாசித்தான். ஒத்திகையில் ஸ்வெங்காலி அவள் கையில் அடித்தபோதுதான் பொறுக்க முடியாமல் கத்தியால் குத்தினான்.

கெக்கோ நல்லவனா, கெட்டவனா? நம்ம கூட்டத்தில் பாதிப் பேர் “பாவம், அவன் என்ன செய்வான்” என்றார்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவே இல்லை. உங்கள் குழுவில் இந்தக் கதையைச் சொல்லி, அவர்கள் என்ன பேசினார்கள் என்று அடுத்த மாதம் வரும்போது சொல்லுங்க.