சேற்றில் இறங்கிக் கற்கும் கல்வி



பல ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். இன்று ஒரு பிழையை ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குகிறேன். நிலவகைகளைப் பற்றிப் பாடம் நடத்தியபோதெல்லாம், சதுப்பு நிலம் என்பது உழவுக்கும் உதவாத, வீடு கட்டவும் ஆகாத பாழ்நிலம் என்றே கூறி வந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். விலங்கியலில் பட்டம் பெற்றவன். "ஐயா, ஈரநிலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன். சேற்றில் இறங்குவதற்கா இத்தனை படிப்பு என்று அப்பா கேட்கிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. தவணை கேட்டுக்கொண்டு நூலகம் சென்றேன். அங்கே கற்றதையே இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

ஈரநிலம் என்றால் சதுப்பு மட்டுமன்று. ஏரி, குளம், கழிமுகம், அலையாத்திக் காடு யாவும் அதில் அடங்கும். மழைநீரைத் தாங்கி வெள்ளத்தைத் தணிப்பதும், மீனுக்கும் பறவைக்கும் உறைவிடமாவதும் அதன் பணிகள். இவற்றைக் காக்கும் பொருட்டு 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

ஆனால் காப்பது எவ்வாறு? இங்கேதான் கல்வியின் தேவை புலப்படுகிறது. ஒரு வரலாற்றைக் கேளுங்கள்.

இராஜஸ்தானத்தில் பரத்பூருக்கு அருகே, ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பில், கேவலாதேவ் என்னும் ஈரநிலம் உள்ளது. மன்னர்களின் வேட்டைக் களமாக இருந்து, பின்னர் பறவைகளின் புகலிடமான இடம் அது. சுற்றுப்புறக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே எருமைகளை மேய்த்து வந்தனர். மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு விளைக்கும் என்று அறிஞர் பலர் எண்ணினர். பறவையியல் மேதை சாலிம் அலி அவர்களும் அக்கருத்தினரே. 1982-இல் அது தேசியப் பூங்காவாயிற்று, மேய்ச்சலும் தடுக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்களும் பலியாயின.

அதன் பின் நடந்தது என்ன? எருமைகள் தின்று வந்த நீர்ப்புல் ஒன்று தடையின்றிப் பெருகிப் படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. நீந்தி இரைதேடும் வாத்தினங்களுக்கு இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், வி. எஸ். விஜயன் அவர்கள் தலைமையில், 1980 முதல் 1990 வரை அங்கே ஆராய்ந்தனர். நீரையும் செடியையும் மீனையும் பறவையையும் ஆண்டுதோறும் அளந்தும் எண்ணியும் அவர்கள் கண்ட முடிவு, எருமை அந்நிலத்துக்குப் பகையன்று, துணை என்பதே! தடையை ஆதரித்த கழகத்தின் ஆய்வே, தடையால் விளைந்த தீங்கை எடுத்துரைத்தது.

இளைஞர்களே, இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. தான் முன்னர் நம்பியதற்கு மாறாக உண்மை தோன்றினும், அதை மறையாது உரைப்பதே கல்வியாளன் கடமை. இது முதற்பாடம். இரண்டாவது, அந்த உண்மை பத்தாண்டு தாமதித்து வந்தது என்பது. முன்னரே அளந்து அறிந்திருந்தால், மாண்டவர் மாண்டிருக்க வேண்டியதில்லை அன்றோ? அறியாமையோடு செய்யும் நன்மையும் தீமையாக முடியக்கூடும்.

ஆகவே இத்துறையை நாடுவோர்க்குப் பறவைகள்மீது அன்பு மட்டும் போதாது. தாவரவியல், நீரின் வேதியியல், புள்ளியியல் ஆகியவை வேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, அதனுள் நிற்கும் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணும் பொறுமை வேண்டும். எருமை மேய்ப்பவரையும் வலைஞரையும் ஆசிரியராக மதித்துக் கேட்கும் பணிவும் வேண்டும். அந்நிலத்தை அவர்களே நெடுங்காலமாக அறிந்தவர்கள். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என்று நீளும் பாதை இது. செல்வம் விரைவில் சேராது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

வாய்ப்புகளோ தொலைவில் இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் மையம் உண்டு. பிச்சாவரம் அலையாத்திக் காடு அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. கோவைக்கு அருகே ஆனைகட்டியில், சாலிம் அலியின் பெயரால் 1990-இல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையத்தின் முதல் இயக்குநராக இருந்தவர், நான் முன்னர்க் கூறிய விஜயன் அவர்களே.

அந்த மாணவனின் தந்தையாரைச் சந்தித்து இவற்றையெல்லாம் கூறினேன். "பாழ்நிலம் என்று தாங்கள்தானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று அவர் சிரித்தார். "ஆம், தவறாகச் சொல்லிக் கொடுத்தேன். அதைத் திருத்தவே வந்திருக்கிறேன்" என்றேன். அவன் இப்போது ஆராய்ச்சி மாணவன். உங்களில் எவரேனும் அவனைப் பின்பற்றுவீராயின், என் பிழைக்கு அதுவே தக்க கழுவாய் ஆகும்.